ஆயில் திரும்பும் பைப்

எங்கள் பட்டறையில் அளவுகோலுக்குக் குறைவில்லை. பெரியது, சிறியது, குழாயின் உள்விட்டம் பார்க்கும் வெர்னியர் எல்லாம் உண்டு. எல்லாமே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடி புதுக்கருக்கு மாறாமல் டப்பாவுக்குள் தூங்கும். என் வீட்டுக்காரர் ஒரு கண்ணை மூடுவார், கட்டைவிரலை நீட்டுவார், "ஒரு சாண், நாலு விரக்கடை" என்பார், இரும்பை வெட்டுவார். குறைந்துபோனால் ஒட்டுப்போடுவார், கூடிப்போனால் மறுபடி வெட்டுவார். கேட்டால், "இத்தினி வருஷமா லாரி ஓடலையா?" என்பார். ஓடத்தான் செய்தது. லாரிக்கு ரோஷம் கிடையாது, எதை ஒட்டினாலும் ஓடும்.

நான் டிராப்ட்ஸ்மேன் படித்தவள். தொண்ணூற்று மூன்றிலிருந்து இரண்டு வருடம் தினமும் காலையில் திண்டிவனத்தில் பாசஞ்சர் ஏறி விழுப்புரம் போய் இயந்திர வரைபடம் கற்றுக்கொண்டேன். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். சான்றிதழில் எங்களுக்கும் 'மேன்' என்றுதான் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு பொருளை மேலிருந்து பார்த்தால் எப்படி, முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று மூன்று விதமாக வரைய வேண்டும். அதில் எனக்கு நல்ல கை. ஆனால் நெடுஞ்சாலையோரம் லாரிப் பட்டறை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு அந்தக் கை வரைந்ததெல்லாம் பிள்ளைகளின் அறிவியல் நோட்டில் செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டும், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு மூங்கில் குச்சியின் அளவும்தான்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் தன் காரோடு வந்தார். வளைகுடாவில் வேலை, இரண்டு மாத விடுப்பு. அவருடைய அண்ணனின் லாரிக்கு என் வீட்டுக்காரர்தான் வழக்கமாக வேலை செய்வார், அந்தப் பழக்கம். கார் கரும்பச்சை நிறம், கூரை இல்லை, இரண்டே இருக்கை, உடம்பு முழுக்க ஃபைபர். உள்ளே உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்கும் லாரியின் டயர் கண்ணுக்கு நேரே தெரியும்.

"பாக்கத்தாண்ணே ஸ்போர்ட்ஸ் காரு," என்றார் பாய். "ஏறி மிதிச்சா ஷேர் ஆட்டோ முந்திக்கினு போவுது. டர்போ ஒண்ணு வெச்சிக் குடுங்க."

டர்போ எங்களுக்குப் புதிதல்ல. என்ஜினிலிருந்து வெளியே போகிற புகை சும்மா போகாமல் ஒரு சின்ன விசிறியைச் சுற்றிவிட்டுப் போகும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். நிறையக் காற்று, நிறைய எரிப்பு, நிறைய வேகம். அவ்வளவுதான் சங்கதி. லாரிகளில் என் வீட்டுக்காரர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். ஆனால் லாரியில் அதற்கென்று கம்பெனிக்காரன் இடம் விட்டிருப்பான். இந்தக் காரிலோ என்ஜினைச் சுற்றி ஒரு கை நுழைவதே பாடு.

பாய் இன்னொன்றும் சொன்னார். "மூடியத் தெறந்தா சுத்தமா இருக்கணும்ண்ணே. கம்பெனில வெச்ச மாதிரி. கண்டபடி பைப்பு ஓடக்கூடாது."

"அது இன்னா பெரிய விஷயம், கண்ணளவுல பாத்து வெச்சிடலாம்," என்றார் என் வீட்டுக்காரர்.

உதிரி சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலே இரண்டு அங்குலத்தில் ஃபைபர் மூடி, கீழே பழுக்கப் பழுக்கச் சூடாகப்போகிற டர்போ, நடுவில் இவருடைய கட்டைவிரல். "வரைஞ்சிதான் செய்யணும்," என்றேன். பாய் இருக்கிறார் என்றும் பார்க்காமல் என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. "சிஸ்டர் சொல்றதுதாண்ணே கரெக்ட்டு," என்றார். கன்னியாஸ்திரீயைக் கூப்பிடுவதுபோல அவர் என்னை சிஸ்டர் என்பது எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு மட்டும் பிடித்தது.

அவர் போன பிறகு எங்களுக்குள் பேச்சு முற்றி, ஒரு உடன்பாட்டில் வந்து நின்றது. "சரி, இந்த ஒரு வண்டி உன் படத்துப்படி," என்றார் என் வீட்டுக்காரர். "எவனும் கண்ணளவுல வெட்ட மாட்டான், நானுந்தான். சரியா வந்தா இனிமே எல்லா வேலைக்கும் நீயே வரை. கோணிக்கிச்சுன்னா அப்புறம் பட்டறையில பென்சிலத் தொடக்கூடாது."

சரி என்றேன். அவருக்கு அது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. முப்பத்திரண்டு வயதாகிவிட்டது, படித்த படிப்பு ஒருமுறைகூட இரும்பாகவில்லை. அந்த ஏக்கத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால்.

டீசல் கார் ஒன்றிலிருந்து கழற்றிய சின்ன டர்போவை பாய் சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து வந்தார். பெட்ரோல் கணக்கைச் சரிசெய்யும் பெட்டி ஒன்றைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தார். நான் டப்பாவில் தூங்கிய வெர்னியரை எழுப்பினேன். பிஸ்கட் அட்டைப்பெட்டிகளை டர்போவின் அளவுக்கும் பைப்புகளின் அளவுக்கும் வெட்டி, ஒட்டி, என்ஜினுக்குள் வைத்துப் பார்த்தேன். "இன்னா, குடில் கட்றியா? குழந்தை ஏசுவ எங்க படுக்க வெக்கப்போற?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். எனக்கு அட்டை முக்கியம், அடுத்த பெட்டியை வெட்டினேன்.

எனக்கு மூன்று பிடிவாதங்கள் இருந்தன. டர்போவுக்கும் மூடிக்கும் நடுவே சூடு தடுக்கும் தகடும், தகட்டுக்கு மேலே காற்றோட இடைவெளியும் இருக்க வேண்டும். எந்த பைப்பும் இன்னொன்றை உரசக் கூடாது. டர்போவைத் தொடாமலே ஆயில் பில்டரை மாற்ற ஒரு கை நுழைய வேண்டும். மற்றதெல்லாம் தானாகச் சுத்தமாகிவிடும் என்பது என் கணக்கு. வேலை செய்ய வசதியாக இருப்பதுதான் பார்க்கவும் அழகாக இருக்கும். இதைச் சொன்னால் ஒருவருக்கும் புரியவில்லை.

பாய் தினமும் வந்தார், தினமும் ஒன்று சொன்னார். முதல் நாள் டர்போ வெளியே தெரியவே கூடாது. மூன்றாம் நாள், இவ்வளவு பாடுபட்டு வைப்பதை நாலு பேர் பார்க்க வேண்டாமா, மூடியைத் திறந்ததும் அதுதான் கண்ணில் பட வேண்டும். அடுத்த வாரம் விசில் சத்தம். "லாரியில வர்ற மாதிரி கீச்சுன்னு வரணும் சிஸ்டர்." அவருடைய மச்சான் கணினியில் என்னவோ படம் பார்த்துவிட்டு, பைப்பெல்லாம் சிவப்பாக இருக்கட்டும் என்றார். எதிரே டீக்கடைக்காரர் வேறு, டர்போவைக் கவிழ்த்து வைத்தால் இடம் மிச்சமாகுமே என்றார். அவர் டீயில் நான் ஒருநாளாவது சர்க்கரை அளவு சொல்லியிருப்பேனா? பேட்டரியைப் பின்பக்கம் கொண்டுபோகச் சொன்னதற்கு என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் எல்லோரிடமும் கத்தினேன். பாயிடம் மட்டும் கொஞ்சம் குறைத்துக் கத்தினேன்.

கத்தத் தேவைப்படாத ஒரே ஆள் எங்கள் வெல்டர். திருவக்கரைப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், தினமும் மொபெட்டில் வருவார். பற்றவைத்த இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், அப்படி ஒரு கை. பேச்சு என்பதே கிடையாது. நான் முறைப்படி மூன்று பக்கத் தோற்றத்தையும் வரைந்து அவர் முன்னால் விரித்தபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, "மொத்தம் மூணு டர்போங்களா அண்ணி?" என்று கேட்டார். தலையில் அடித்துக்கொண்டேன். ஒரே டர்போதான், மூன்று பக்கமிருந்து பார்த்திருக்கிறேன் என்று கத்தி விளக்கினேன். என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் வெல்டர் தயங்கித் தயங்கி வந்து, "தமிழ்ல எழுதிக் குடுத்தீங்கன்னா நானே படிச்சிக்கினு பண்ணிடுவேன் அண்ணி," என்றார்.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. பட்டறையில் ஒரு மனிதர் வரைபடத்தைப் படிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. மூன்று படம் குழப்பும் என்று மற்ற இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு, மேலிருந்து பார்க்கும் தோற்றத்தை மட்டும் பெரிய தாளில் புதிதாக வரைந்தேன். இங்கிலீஷில் எழுதிப் பழகிய குறிப்புகளையெல்லாம் தமிழாக்கினேன். அம்புக்குறி போட்டு, இடம் இருந்த அளவுக்கு எழுதினேன். 'காற்று உள்ளே.' 'காற்று வெளியே.' 'ஆயில் வரும் பைப்.' 'ஆயில் திரும்பும் பைப்.'

பத்து நாளில் வேலை முடிந்தது. மூடியைத் திறந்து பார்த்தபோது, நானே சொல்லக் கூடாது, கண் நிறைந்தது. பைப்புகள் ஒன்றையொன்று தொடாமல் அதனதன் வழியில் போயின. பில்டருக்குக் கை நுழைந்தது. என் வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவால்ல," என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகும் எங்கள் பட்டறையில், பாயின் காருக்கு, வெல்டர் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் உள்ளூர பயம்.

அது வியாழக்கிழமை காலை. பாய்க்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். அவர் ஓட்ட, பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார, கார் மயிலம் சாலையில் சீறிக்கொண்டு போனது. நானும் வெல்டரும் வாசலில் நின்றோம். விசில் சத்தம்கூடக் கேட்டது. கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது சத்தம் கேட்கும் முன்பே புகை தெரிந்தது. கொசு மருந்து அடிக்கும் வண்டி வருவதுபோல, பின்னால் சாலையே மறைந்து, நீலம் பாய்ந்த வெள்ளைப் புகை. டீக்கடையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"ஆயிலு எறங்கல," என்றார் என் வீட்டுக்காரர், இறங்கியதும் இறங்காததுமாக. இந்த விஷயத்தில் அவர் மூளையைக் குறை சொல்ல முடியாது. டர்போவின் தண்டு அசுர வேகத்தில் சுற்றுவது. அது பிடித்துக்கொள்ளாமல் இருக்க மேலிருந்து ஆயில் அழுத்தத்தோடு வந்து நனைக்கும். நனைத்த ஆயில் தன் பாரத்திலேயே நேராகக் கீழே விழுந்து என்ஜினின் ஆயில் தொட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். அதைத் தள்ள யாரும் இல்லை. போகிற வழியில் மேடு இருந்தால் தேங்கும், தேங்கினால் கசியும், கசிந்தால் புகையோடு சேர்ந்து எரியும்.

காரைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தோம். டர்போவின் அடியிலிருந்து நேராக இறங்க வேண்டிய பைப் இடப்பக்கம் திரும்பி, ஒரு தாங்கியைத் தாண்ட மேலே ஏறி, மறுபடி திரும்பி, அதற்கப்புறம் தொட்டிக்குப் போயிருந்தது. வளைவுகள் அத்தனை வழவழப்பு. வேலை சுத்தம், வழிதான் தலைகீழ்.

நான் கத்தியதை இங்கே முழுதாக எழுத முடியாது. நேராக விட வேண்டிய பைப்புக்கு யார் உன்னைக் கோலம் போடச் சொன்னது என்று கேட்டேன். படத்தைப் பார்த்தாயா, இல்லை பார்த்த மாதிரி நடித்தாயா என்று கேட்டேன். கோபத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. வெல்டர், "அண்ணி, அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"வந்து போயின்னு இழுக்காத. இந்த வெல்டரு இருக்கிற வரைக்கும் இந்தப் பட்டறையில என் படத்துக்கு மரியாத கெடையாது."

அதைச் சொன்னது நான்தான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், மூன்று நாளில் விமானம் ஏற வேண்டிய மனிதர் காரைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தார். "நாளைலேர்ந்து வராத. வேற எங்கனா பாத்துக்க," என்றார் வெல்டரிடம். வெல்டர் தலையை ஆட்டிவிட்டு மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார். எத்தனையோ வருடமாக எங்களிடம் இருந்தவர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. செய்த தப்பு அவருக்கே தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, படத்து மேல தப்பில்ல, கை மேலதான் தப்பு," என்றார் என் வீட்டுக்காரர், சாப்பிடும்போது. "நீ ஜெயிச்சிட்ட. இனிமே எல்லாத்துக்கும் வரை." பத்து வருடமாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். ஆனால் சோறு இறங்கவில்லை, கோபம் இன்னும் அடங்கவில்லை என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் புதிய பைப் போட வேண்டும். விழுப்புரத்திலிருந்து வேறு ஒரு வெல்டரை வரச் சொல்லியிருந்தது. அவராவது தப்புப் பண்ணாமல் இருக்கட்டும், நேர் பைப் என்று சிவப்பு மையில் எழுதிவைப்போம் என்று வரைபடத்தை எடுத்து விரித்தேன். மேலிருந்து பார்க்கும் தோற்றத்தில், நேராகக் கீழே இறங்கும் பைப் எப்படித் தெரியும்? ஒரு சின்ன வட்டமாகத் தெரியும். அவ்வளவுதான் தெரியும். அந்த வட்டத்துக்கு ஒரு அம்புக்குறி. அம்புக்குறியின் முனையில் என் கையெழுத்து.

ஆயில் திரும்பும் பைப்.

வந்த ஆயில் திரும்பிப் போகும் வழி என்று நான் எழுதியிருந்தேன். இடம் பற்றாமல் 'போகும்' என்பதை விட்டிருந்தேன். படித்தவர் எப்படிப் படித்திருப்பார்? திரும்பும் பைப். பஸ் திரும்பும் இடம், சாலை திரும்பும் இடம் என்று சொல்வதில்லையா? திருப்பச் சொன்னார்கள் என்று திருப்பியிருக்கிறார். பக்கத்திலிருந்து பார்க்கும் படம் இருந்திருந்தால் ஒரு கோடு நேராக இறங்குவது தெரிந்திருக்கும். அந்தப் படத்தை எடுத்து வைத்ததும் நான்தான். இத்தனை வருடத்தில் இந்தப் பட்டறையில் ஒருவர் வரைபடத்தை எழுத்துக்கு எழுத்து படித்து அப்படியே செய்திருக்கிறார், அவரைத்தான் துரத்திவிட்டிருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளை நான் மடித்தேன். எட்டாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் படம் பார்க்கிறவர் அல்ல, பாய் ஊருக்குப் போகிறவர். அடுப்பில் போட்டால் ஒருவருக்கும் தெரியாது, என் பென்சில் என்னிடம் இருக்கும். இரண்டு நிமிடமாவது அப்படி நின்றிருப்பேன். அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பிறகு போய்த் தாளை என் வீட்டுக்காரர் முன்னால் விரித்தேன். "படிங்க," என்றேன்.

"ஆயில் திரும்பும் பைப்," என்று படித்தார். நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, திரும்பித்தான இருக்குது."

அடக்க முடியாமல் சிரித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் பென்சிலை எடுத்து அவர் மேசை மேல் வைத்தேன். விழுப்புரத்துக்காரரை வர வேண்டாம் என்று போனில் சொல்லச் சொன்னேன்.

வெல்டரைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. தன் கறுப்புக் கண்ணாடியையும் கையுறையையும் எடுத்துப்போக அவரே பத்து மணிக்கு வந்தார். அதே நேரத்தில் பாயும் வந்து சேர்ந்தார். அதுவும் நல்லதுக்குத்தான் என்று, எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். எழுதினது நான், தப்பாக எழுதினதும் நான், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். கத்தாமல் சொன்னேன்.

வெல்டர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டார். "சரி வுடுங்க அண்ணி. பாய்க்கு நேரமாவுது," என்றார். கண்ணாடியை மாட்டப் போனவர் நின்று, "பக்கத்துலேர்ந்து பாத்தா எப்பிடி இருக்கும்னு ஒரு படம் போட்டுக் குடுத்துடுங்க. பாத்துக்கினு ஜல்தியா முடிச்சிடறேன்," என்றார். என் வீட்டுக்காரர் மேசை மேலிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

மதியத்துக்குள் நேர் பைப் இறங்கியது. தேங்கியிருந்த ஆயில் எரிந்து தீரும்வரை கொஞ்சம் புகைந்துவிட்டு, பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. பாய் இரண்டு முறை மயிலம் வரை போய் வந்தார். திரும்பி வந்தவரின் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது, முகமெல்லாம் சிரிப்பு. பைப்புகளைச் சிவப்பாக்குவதைப் பற்றி மறந்தே போய்விட்டிருந்தார். அப்படியே கோட்டக்குப்பத்துக்குப் புறப்பட்டார்.

கார் போன பிறகு எல்லோரும் டீ குடித்தோம். கழற்றிப் போட்ட பழைய பைப்பைக் கையில் எடுத்து, அந்த மேட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் இரும்போடு புரண்ட மனிதருக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று மறுபடி மண்டைக்குள் குடைந்தது. வெல்டரிடமே கேட்டேன். "ஆயிலு மேடேறாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணி," என்றார் வெல்டர். "வளைக்கும்போதே தெரியும். நேரா வுட்டாத்தான் எறங்கும்னு. படத்துல திரும்பணும்னு எழுதியிருந்துச்சே."

"அப்ப என்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கேட்டா கத்துவீங்க அண்ணி."

அதற்கும் கத்தத்தான் வாய் வந்தது. மூடிக்கொண்டேன்.